சொல்லும் காட்சியும்: தொழிலறிவின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

அறிவு முழுவதும் சொல்லிலே அடங்கிக் கிடக்கின்றது. உரிய சொல்லை அறிந்தவன் உரிய அறிவை அடைவான் என்னும் நம்பிக்கை கற்றோர் மத்தியிலே நெடுங்காலமாக நிலைபெற்று வந்துள்ளது. நூலகத்து அட்டவணை, அகராதி, கலைக்களஞ்சியம் ஆகிய யாவும் இந்நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டவையே. இணையத்துத் தேடுபொறியும் இதற்கு விலக்கன்று. அதன் முகப்பில் இருப்பது ஒரு வெற்றுக் கட்டம். அக்கட்டத்தினுள்ளே ஒரு சொல்லை இட்டாலன்றி அது வாய் திறப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. தான் தேடும் பொருளின் பெயரையே அறியாதவன் என் செய்வான்? ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க தத்துவஞானி பிளேட்டோ தமது 'மேனோ' என்னும் உரையாடலிலே இவ்வினாவை எழுப்பினார். அறிந்த பொருளைத் தேடவேண்டியதில்லை. அறியாத பொருளையோ தேடவியலாது. ஏனெனில் எதைத் தேடுவது என்பதே தெரியாது. தத்துவவாதிக்கு இது ஒரு தருக்கப் புதிராக இருக்கலாம். கையால் உழைத்து வாழ்பவனுக்கு இது அன்றாடப் பிரச்சினையாகும்.

எமது வகுப்பு மாணவனொருவன், எழுத்திலே பின்தங்கியவன் என்று எம்மாலேயே பன்முறை குறிப்பெழுதப்பட்டவன், ஒரு நாள் வகுப்புக்கு வரவில்லை. தோட்டக் கிணற்று நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருத்தியதாக மறுநாட் காரணங் கூறினான். இயந்திரம் ஓடியதாம், தண்ணீர் மட்டும் ஏறவில்லையாம். உறிஞ்சு குழாயின் அடியிலே, ஏறிய நீர் கீழே திரும்பாது தடுக்கின்ற வால்வு ஒன்றுண்டு. அது தேய்ந்துவிட்டால் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்கே வடிந்துவிடும். குழாயிற் காற்று நிறையும். காற்று நிறைந்த பின் இயந்திரம் எவ்வளவு சுழன்றும் பயனில்லை. இதனை எங்கே கற்றாய் என்று வினவினோம். தொலைபேசியில் எவரோ ஒருவர் இயந்திரத்தைக் கழற்றும் காணொளியைக் கண்டதாகக் கூறினான். எச்சொல்லை இட்டுத் தேடினாய் என்று கேட்டதற்கு அவன் கூறிய விடை இது: "தேடேல்லை, சேர். வேறொண்டைப் பாக்கேக்கை அது வந்தது. அந்தச் சாமானுக்குப் பேர் தெரியாது, கண்டால் தெரியும்."

பெயர் தெரியாது, கண்டால் தெரியும் என்னும் இவ்விரு தொடர்களும் எம்மைச் சிந்திக்க வைத்தன. அவன் அறியாமையை ஒப்புக்கொண்டானா, அன்றி அறிவின் வேறொரு வகையினைச் சுட்டிக்காட்டினானா? இதற்கு விடை காண வேண்டின், தொழிலறிவானது வரலாற்றிலே யாரிடம் இருந்தது, யாருக்கு மறைக்கப்பட்டது, எவ்வழியாக வெளிப்பட்டது என்பதனைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

2

முதலில் மறைக்கப்பட்ட அறிவுக்கு ஓர் உதாரணம் காண்போம்.

1569ஆம் ஆண்டிலே பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி இங்கிலாந்திற் குடியேறியது சேம்பர்லன் என்னும் குடும்பம். இக்குடும்பத்தினர் மகப்பேற்று மருத்துவத்தில் ஈடுபட்டனர். பிள்ளையின் தலை வழியிலே தடைப்பட்டுத் தாயும் சேயும் உயிருக்குப் போராடும் வேளையில், பிள்ளையை உயிருடன் வெளியே எடுக்கும் குறடொன்றினை அவர்கள் ஆக்கினர். கரண்டி போன்ற இரண்டு அலகுகள். ஒவ்வொன்றாக உட்செலுத்தியபின் அவற்றை இணைத்துப் பிடிக்கலாம். இதுவே அக்கருவி. மனித குலத்தின் துயர் துடைக்கத்தக்க மாபெருங் கண்டுபிடிப்பு இது என்பதில் ஐயமில்லை.

ஆயின் அக்குடும்பம் அதனை உலகிற்கு அளிக்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு மேல் தம் குடும்ப இரகசியமாகப் பேணியது. கருவியைப் பெரியதொரு பெட்டியில் வைத்து இருவர் சுமந்து வருவர் என்றும், பிரசவ வேதனைப்படும் பெண்ணின் கண்களைக் கட்டிவிடுவர் என்றும், உறவினரை அறையினின்றும் அகற்றிவிடுவர் என்றும் கூறுவர். 1670ஆம் ஆண்டிலே அக்குடும்பத்து ஹியூ சேம்பர்லன் இவ்விரகசியத்தை விலைக்கு விற்கப் பாரிசுக்குச் சென்றார். அங்கு மோரிசோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர், இடுப்பெலும்பு குறுகிய பெண்ணொருத்தியின் பிரசவத்தைச் சோதனையாக அவரிடம் ஒப்படைத்தார். பல மணி நேரம் முயன்றும் அவர் வெற்றி பெறவில்லை, அப்பெண் இறந்தாள். பின்னர் மோரிசோவின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது ஹியூ சேம்பர்லன் எழுதிய முன்னுரை எமது கவனத்துக்குரியது. தம்மிடமுள்ள முறையை வெளியிடாமைக்கு அவர் அதில் மன்னிப்புக் கோருகின்றார். அவர் காட்டிய காரணம், தம் தந்தையும் உடன்பிறந்தாரும் அதனையே கொண்டு சீவிக்கின்றனர், வெளியிட்டால் அவர்களது வருமானம் கெடும் என்பதாகும்.

இதனை ஒரு தனி மனிதரின் கொடுமையாகக் கொள்வது தவறாகும். அறிவே தனியுடைமையாக, சந்தைப் பண்டமாக இருந்த சமுதாயத்தில் அவர் வேறு விதமாக நடந்திருப்பின் அதுவே வியப்பாகும். 1730களிலேயே குறடு பற்றிய விளக்கங்கள் நூல்களில் வெளிவரத் தொடங்கின. சேம்பர்லன் குடும்பத்தின் மூலக் கருவிகளோ 1813ஆம் ஆண்டிலே, எசெக்ஸ் மாவட்டத்து வீடொன்றின் மேற்றளப் பலகைகளுக்கு அடியிற் கண்டெடுக்கப்பட்டன. அவை அங்கே மறைந்து கிடந்த காலமெல்லாம் எத்தனை தாய்மார் மாண்டனர் என்பதற்குக் கணக்கில்லை.

சேம்பர்லன் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டு முற்றத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். தட்டாரின் கைவினை தட்டார் மகனுக்கு, தச்சரின் கைவினை தச்சர் மகனுக்கு என்று சாதியின் வேலிக்குள்ளே தொழிலறிவு அடைபட்டுக் கிடந்த சமுதாயமே நமது சமுதாயமும். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. அங்கே இரகசியம் ஒரு குடும்பத்தைச் செல்வமும் செல்வாக்கும் பெறச் செய்தது. இங்கே கைத்தொழிலறிவு உடையவரே தாழ்த்தப்பட்டவராக வைக்கப்பட்டனர். சொல்லறிவு மேலோர்க்கும் கையறிவு கீழோர்க்கும் என்று பிரிக்கப்பட்டமையால் இரண்டுமே வளங்குன்றின. கருவி பிடித்தவனுக்கு ஏடில்லை; ஏடு பிடித்தவனுக்குக் கருவி தீட்டு. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது' என்னும் பழமொழி இப்பிளவினைக் கண்டு மக்கள் அளித்த தீர்ப்பேயாகும்.

3

இம்மதிலை உடைக்க முயன்ற மாபெரும் முயற்சி 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலே தோன்றியது. டிடெறோவும் டாலம்பேரும் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தையே இங்கு குறிப்பிடுகின்றோம். அதன் முதலாந் தொகுதி 1751இல் வெளிவந்தது. 1752இல் முதலிரு தொகுதிகளும் தடை செய்யப்பட்டன. 1759இல் வெளியீட்டு உரிமையே பறிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் 17 தொகுதிகளாக எழுத்துப் பகுதியும், 11 தொகுதிகளாகப் படப் பகுதியும் 1772க்குள் நிறைவெய்தின.

அரசும் திருச்சபையும் இந்நூலைக் கண்டு அஞ்சியமைக்கு அதன் சமயக் கட்டுரைகளே காரணமென்று பொதுவாகக் கூறுவர். அது உண்மையே. எனினும் எம் நோக்கில் அதன் பெருஞ் சாதனை படத் தொகுதிகளிலேயே உள்ளது. கத்தி செய்பவர், கண்ணாடி ஊதுபவர், குண்டூசி செய்பவர், காலுறை நெய்பவர் ஆகியோரின் பட்டறைகள் 2500க்கு மேற்பட்ட படங்களில் அங்கு வரையப்பட்டுள்ளன. ஒரு படத்தின் மேற்பாதியிலே பட்டறையும் அதில் வேலை செய்வோரும் காணப்படுவர். கீழ்ப்பாதியிலே ஒவ்வொரு கருவியும் தனித்தனியே, உறுப்புறுப்பாக, எழுத்தும் இலக்கமும் இட்டுக் காட்டப்படும். அதுவரை தொழிற் சங்கங்களின் கதவுகளுக்குப் பின்னாலே காக்கப்பட்டவை இவ்வாறு அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட்டன.

டிடெறோவின் தந்தையார் லாங்கர் நகரிலே கத்தி செய்யும் தொழிலாளி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கலைக்களஞ்சியத்துக்கென 1750இல் வெளியிட்ட அறிவிப்பிலே, தாம் பட்டறைகளுக்கு நேரிற் சென்றதையும், தொழிலாளரிடம் வினவி எழுதியதையும், சில வேளைகளில் இயந்திரங்களைப் பெற்றுத் தாமே இயக்கிப் பார்க்க வேண்டியிருந்ததையும் அவர் கூறுகின்றார். ஆயிரம் தொழிலாளரில் தாம் செய்யும் வேலையைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவர் ஒரு பன்னிருவரேனும் தேறுவது அரிதென்றும் அவர் கூறினார். படங்கள் தேவைப்பட்டமைக்கு இதுவே காரணம். தொழிலாளி அறிவற்றவன் என்பதன்று இதன் பொருள். அவன் கை அறிந்ததை அவன் வாய் சொல்லாது; அவன் அறிவு செயலிலே இருக்கின்றது; செயலைக் கண்டாலன்றி அதனைப் பெறவியலாது. எமது மாணவனின் விடையும் ஏறத்தாழ இதுவே.

டிடெறோ இன்னுமொன்றையும் உணர்ந்திருந்தார். கலைக்களஞ்சியம் அகரவரிசையில் அமைந்தது. அகரவரிசை தேடுவோர்க்கு வசதியானது. ஆனால் தொடர்புடையவற்றைப் பிரித்துத் தொடர்பற்றவற்றை அருகருகே வைப்பது. இக்குறையை நீக்க ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றைக் காண்க என்று சுட்டும் குறிப்புகளை அவர் ஏராளமாக அமைத்தார். ஒன்றைத் தேடி வந்தவன் தேடாத இன்னொன்றையும் காண்பான் என்பதே நோக்கம். இன்றைய இணைய இணைப்புகளின் முன்னோடி இதுவெனக் கூறின் மிகையாகாது.

இச்சாதனையின் எல்லையினையும் மறத்தலாகாது. அத்தொகுதிகளின் விலை பாரிசுத் தொழிலாளியொருவன் கனவிலும் கொடுக்கவியலாதது. தொழிலாளியின் அறிவு படமாயிற்று. படமோ செல்வந்தரின் நூலறையைச் சேர்ந்தது. மேலும், அப்படங்களிற் காணப்படும் பட்டறைகள் மிகத் தூய்மையானவை, புகையுமில்லை, வியர்வையுமில்லை. குண்டூசித் தொழிலை 18 தனி வேலைகளாகப் பிரித்துக் காட்டிய அக்கட்டுரையின் விபரங்கள் சில ஆண்டுகளுக்குப் பின் அடம் சிமித்தின் பொருளியல் நூலிலே உழைப்புப் பிரிவினையின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாயின. கண்டறியப்பட்ட தொழிலறிவு, தொழிலாளியைக் கசக்கிப் பிழிவதற்கும் பயன்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4

இனிச் சொல்வழித் தேடலின் வரலாற்றுக்கு வருவோம். தமிழிலே இவ்வரலாறு தனிச்சுவை வாய்ந்தது.

நம் முன்னோரின் சொற்களஞ்சியங்கள் நிகண்டுகளாகும். அவற்றுட் பழையதாகிய திவாகரம் பன்னிரு தொகுதிகளையுடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், பல்பொருட் பெயர், செயற்கை வடிவப் பெயர் என்று பொருள் வகையாலேயே அது வகுக்கப்பட்டுள்ளது. மரமொன்றின் பெயரை மறந்தவன் மரங்களின் கூட்டத்துக்குச் சென்றால் அதனைக் காணலாம். பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழி அது. ஆனால் முழுவதையும் மனனஞ் செய்தவனுக்கே அவ்வழி திறந்திருந்தது. திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் நிகண்டினை நெட்டுருச் செய்தமைக்குக் காரணம் இதுவே.

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கியபோது நிலைமை மாறலாயிற்று. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளையும் அவர் அகரவரிசைப்படுத்தினார். 1842இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த, மானிப்பாய் அகராதி என வழங்கும் தமிழகராதி இவ்வழியிலே ஒரு மைற்கல்லாகும். மனனஞ் செய்யாதவனும், ஆசிரியரின் தயவு இல்லாதவனும் சொல்லின் பொருளை அறியலாம் என்னும் நிலை தோன்றியது. இது மக்களாட்சிப் பண்புடைய மாற்றமென்பதை மறுக்கவியலாது. ஆயினும் இம்மாற்றத்திலே ஒன்று இழக்கப்பட்டது. சொல்லிலிருந்து பொருளுக்கு வழி திறந்தது. பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழி அடைபட்டது.

ஐரோப்பாவிலும் இத்தகைய வரலாறே காணப்படுகின்றது. 13ஆம் நூற்றாண்டிலே பாரிசுத் துறவிகள் விவிலியத்திலுள்ள சொற்கள் வருமிடங்களையெல்லாம் அட்டவணைப்படுத்தினர். 1950களின் இறுதியிலே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் கணினியினாற் சொல்லடைவு ஆக்கும் முறையைக் கண்டார். 1998இல் கூகிள் நிறுவனம் தோன்றியது. துறவியின் அட்டவணையிலிருந்து கூகிளின் கட்டம் வரை அடிப்படை ஒன்றே: உரிய சொல்லைக் கொண்டு வா, உரிய இடத்தைக் காட்டுகின்றேன். உரிய சொல் இல்லாதவன் வாயிலிலேயே நிற்கின்றான். நம் நாட்டிலே அவ்வுரிய சொல் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லாக இருப்பது வாயிலின் உயரத்தை இரு மடங்காக்குகின்றது.

5

இப்பின்னணியிலேயே இணையக் காணொளியின் வரலாற்றுப் பாத்திரத்தை நோக்குதல் வேண்டும். யூரியூப் 2005இல் தோன்றியது. அதன் தொடக்க காலத்து நிகழ்ச்சியொன்று சேம்பர்லன் குடும்பத்தின் கதைக்கு நேரெதிரானது.

ஆர்ஜென்ரீனாவில் ஹோர்ஹே ஒடோன் என்னும் மோட்டார் திருத்துநர் இருந்தார். அவருடைய கராச்சிலே வேலை செய்வோர் ஒரு வேடிக்கைக் காணொளியைக் கண்டு அதனைச் செய்துபார்த்துக்கொண்டிருந்தனர். வெற்றுப் போத்தலொன்றின் உள்ளே தக்கை விழுந்துவிட்டது. போத்தலை உடையாமல் அதனை எடுப்பது எங்ஙனம்? பிளாஸ்டிக் பையொன்றைச் சுருட்டிப் போத்தலினுள்ளே நுழைத்து, ஊதி, பை தக்கையைச் சூழ்ந்துகொண்டதும் மெல்ல இழுத்தால் தக்கை வெளியே வந்துவிடும். அன்றிரவு படுக்கையில் இருந்த ஒடோனுக்கு, பிறப்பு வழியிலே சிக்கிய பிள்ளையையும் இவ்வாறே எடுக்கலாமே என்னும் எண்ணம் உதித்தது. கண்ணாடிச் சாடி கருப்பையாயிற்று, பொம்மை பிள்ளையாயிற்று, பையினை அவருடைய மனைவி தைத்துக் கொடுத்தார். முதன்மாதிரி வீட்டுச் சமையலறையிலே உருவாயிற்று.

மகப்பேற்று மருத்துவம் ஒடோன் கற்றதன்று. 'தடைப்பட்ட பிரசவம்' என்பதற்குரிய மருத்துவச் சொல்லை அவர் ஒருபோதும் தேடியிருக்கமாட்டார். மறுபுறத்திலே, மருத்துவர் எவரும் 'போத்தலிலிருந்து தக்கையை எடுப்பது எங்ஙனம்' என்று தேடியிருக்கமாட்டார். சொல்லடைவில் இவ்விரண்டும் எக்காலத்திலும் சந்திக்காதவை. காட்சியிலே சந்தித்தன. 2008இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவரொருவர் அவரது கருவியைக் கண்டு ஆதரவளித்தார். 2013இல் மருத்துவக் கருவி உற்பத்தி செய்யும் பெரு நிறுவனமொன்று அதனை ஆக்கும் உரிமையைப் பெற்றது. பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே தாய்மாரிடத்தில் அதன் பயன்பாடு முறையாக ஆராயப்பட்டது. ஒவ்வொரு பிரசவத்திலும் அது வெற்றி தரவில்லை. வடிவத்தையும் கையாளும் முறையையும் திருத்தித் திருத்தியே முன்செல்ல வேண்டியிருந்தது. விஞ்ஞானத்தின் பாதை அதுவே. காட்சி கருத்தைத் தந்தது. கருத்தை உண்மையாக்குவது சோதனையின் கடமை.

இக்கருத்து எவர்க்காகத் தேவைப்படுகின்றது என்பதையும் மனங்கொள்ளுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் ஏறத்தாழ 260,000 பெண்கள் கருத்தரிப்பும் பிரசவமும் சார்ந்த காரணங்களால் உயிரிழந்தனர். அவர்களுட் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். சத்திரசிகிச்சை வசதி அருகிலில்லாத இடங்களிலே எளிய கருவியொன்றின் பெறுமதி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆபிரிக்காவிலிருந்தும் இரு உதாரணங்கள் கூறலாம். கென்யா நெடுந்தூர ஓட்டவீரர்களுக்குப் பேர்போன நாடு. ஈட்டியெறிதலுக்கு அங்கு தக்க பயிற்றுநர் இல்லை. யூலியஸ் யேகோ என்னும் இளைஞர் உலகப் புகழ்பெற்ற வீரர்கள் எறியும் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தே அக்கலையைப் பயின்றார். 2015இல் பீஜிங் நகரில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் போட்டியிலே 92.72 மீற்றர் தூரம் எறிந்து தங்கப் பதக்கம் பெற்றார். 2016இல் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். இடையிலே பின்லாந்துக்குச் சென்று பயிற்றுநரிடம் பயின்றார் என்பதும் மறைக்கத்தக்கதன்று. காணொளி அவரை வாயில் வரை அழைத்துச் சென்றது. உள்ளே ஆசிரியர் தேவைப்பட்டார்.

மலாவி நாட்டின் வில்லியம் கம்குவம்பாவின் கதையிலே காணொளி இல்லை, படம் உண்டு. பஞ்சத்தினாற் பள்ளிக் கட்டணம் கட்ட வழியின்றி 2002இற் கல்வியை இடைநிறுத்திய அச்சிறுவன் ஊர்ப் பாடசாலை நூலகத்துக்குச் சென்றான். ஆங்கிலச் சொல்லொன்றின் கருத்தை அறிய அகராதியை எடுக்கக் குனிந்தபோது காற்றாலைப் படம் பொறித்த நூலொன்று கண்ணிற்பட்டது. ஆங்கிலம் அவனுக்குச் சரளமன்று. படங்களைத் துணைக்கொண்டு விளங்கிக்கொண்டான். பழைய சைக்கிள் உறுப்புகளையும் உழவு இயந்திரத்தின் விசிறியையும் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கும் காற்றாலையை அமைத்தான். அவர் முதன்முதலாக இணையத்தைக் கண்டது 2007இலேயே. காற்றாலை என்னுஞ் சொல்லை இட்டதும் வந்து குவிந்த விபரங்களைக் கண்டு, இதெல்லாம் இதுகாலும் எங்கேயிருந்தது என வியந்தாராம். இந்நிகழ்ச்சிகளின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலிற் படம் வந்தது; பின்னர் செயல் வந்தது; சொல்லைக் கொண்டு தேடுவது கடைசியிலேயே இயன்றது.

6

இவ்வளவு கூறியமையாற் காணொளியே விடுதலையின் கருவி என்று நாம் முழங்குவதாக எவரும் எண்ணற்க. எந்த உற்பத்திச் சாதனத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வியை இதனைப் பற்றியும் கேட்டேயாக வேண்டும்: அது யாருடைய உடைமை?

2006இல் கூகிள் நிறுவனம் யூரியூப்பை 165 கோடி டொலருக்கு விலைக்கு வாங்கியது. சொல்வழித் தேடலுக்கும் காட்சிவழித் தேடலுக்கும் அன்று முதல் உடைமையாளர் ஒருவரே. எமது மாணவன் "அது வந்தது" என்றான். அது தானாக வருவதில்லை. எவருக்கு எதனைக் காட்டுவதென்று கணிக்கும் பொறிமுறையொன்றுண்டு. பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டது இப்பரிந்துரைகளின் விளைவென 2018இல் அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே கூறினார். அப்பொறிமுறையின் நோக்கம் மாணவனின் கல்வியன்று. அவனது கண்களைத் திரையிலே நிறுத்தி விளம்பரத்தை விற்பதே. கிணற்று இயந்திரம் திருத்துவதைக் காட்டும் அதே பொறிமுறை, புற்றுநோய்க்குப் பொய் மருந்தையும், இனத்துவேசத்தையும், அதே வேகத்திலே கொண்டுவந்து தரும். சேம்பர்லன் பெட்டியைப் பூட்டி வைத்து இலாபமீட்டினார். இவர்கள் பெட்டியைத் திறந்து வைத்து இலாபமீட்டுகின்றனர். திறந்த பெட்டி பூட்டிய பெட்டியிலும் மேலானது. ஆனால் திறப்பு இன்னும் நம் கையில் இல்லை.

வாயிலை அணுகுவதற்கும் வசதி வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளிலே நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் நாட்டின் பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடி மலையேறியதை நாம் மறந்துவிடவில்லை. வீட்டுக்கொரு தொலைபேசியும் இல்லாத குடும்பங்களிலே எப்பிள்ளை படிப்பது, எப்பிள்ளை விடுவது என்று தாய்மார் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

காட்சியறிவுக்கு இயல்பாகவே ஓர் எல்லையுமுண்டு. நம் தருக்க நூலார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். காண்டலை முதலில் வைத்தனர். ஆயின் அதனோடு நிறுத்தவில்லை. காணொளி கண்டவன் அவ்வொரு வால்வை மாற்றுவான். அது ஏன் அவ்வாறு இயங்குகின்றது, காற்றின் அழுத்தம் நீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றவல்லது, அதற்கு மேல் ஏற்ற வேண்டின் வேறென்ன செய்வது என்பனவற்றுக்குக் கருதலும் உரையும் வேண்டும். காரணத்தை அறிந்தவனே புதியதொன்றை ஆக்குவான். பெயரை அறிந்தவனே பிறனொருவனோடு அதுபற்றி விவாதிப்பான், எழுதுவான், உரிமை கோருவான். பெயரற்ற அறிவு அவனோடேயே மாண்டுபோகும்.

இவ்வுண்மையை உணர்ந்த ஒருவர் நம் யாழ்ப்பாணத்திலேயே பணியாற்றினார். அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1860களிலே அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தலைப்பட்டார். அவர் தமிழில் ஆக்குவித்த மருத்துவ நூல்களுள் 1857இல் வெளிவந்த மகப்பேற்று நூலும் ஒன்றாகும். சேம்பர்லன் குடும்பம் பெட்டியிற் பூட்டிய துறையை, இங்கே தமிழறிந்த எவனும் படிக்குமாறு சொல்லாக்கினார் கிறீன். அவரும் அவர்தம் மாணவரும் கலைச்சொற்களுக்காகப் பட்ட பாடு, தமிழில் விஞ்ஞானம் கூறமுடியாது என்று பிற்காலத்திற் சாதித்தோர்க்கு விடையாக நிற்கின்றது. சமயப் பரப்பலே மிசனின் குறிக்கோள் என்பதை நாம் அறிவோம். அதனால் அப்பணியின் வரலாற்றுப் பெறுமதி குறைந்துவிடாது.

7

ஆகவே சொல்லையும் காட்சியையும் பகைகளாகக் கொள்ளுதல் பிழை. பழைய சமுதாயம் அவற்றை வெவ்வேறு மனிதரிடம் பிரித்துக் கொடுத்தது என்பதே பிரச்சினையின் மூலம். சொல் ஒரு வர்க்கத்தின் உடைமையாகவும், கை மற்றொரு வர்க்கத்தின் சுமையாகவும் இருந்தன. நம் பரீட்சை முறை இன்றும் இப்பிரிவினையையே பாதுகாக்கின்றது. பெயரை எழுதியவனுக்குப் புள்ளி. பொருளை அறிந்தவனுக்குப் பூச்சியம்.

ஆசிரியராகிய நாம் இதிலே நடுநிலையாளரல்லர். எமது மாணவன் இயந்திரத்தைத் திருத்திய அதே வாரத்திலே விஞ்ஞான வினாத்தாளில் மிகக் குறைந்த புள்ளி பெற்றான். வினாக்களுள் ஒன்று வளியமுக்கத்தின் பயன்பாடு பற்றியது. அவன் விடை எழுதவில்லை. தன் கிணற்றடியிலே தான் செய்ததைத்தான் வினாத்தாள் கேட்கின்றது என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்கு அது தெரியும் என்பது வினாத்தாளுக்கும் தெரியாது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்க வேண்டியவர் யார்? தமிழ் கற்பிப்பது எம் தொழில். பொருளுக்குச் சொல் தருவது தமிழ்க் கல்வியின் முதற் கடமை. அக்கடமையிலே தவறியவர் நாமே.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. மாணவர் கண்டவற்றை வகுப்பிலே கூறச் செய்தல் வேண்டும். கண்டதற்குப் பெயர் கொடுத்தல் வேண்டும். பெயரைக் கொண்டு மேலுந் தேடப் பழக்குதல் வேண்டும். கண்டதெல்லாம் உண்மையன்று என்பதையும், சோதித்தே கொள்ளவேண்டும் என்பதையும் உணர்த்துதல் வேண்டும். இதற்கப்பால், நம் ஊர்த் தச்சர், கொல்லர், கமக்காரர், மீனவர், மருத்துவிச்சியர் ஆகியோரின் கையறிவு அவர்களோடேயே மறைந்து போகாவண்ணம், அவர்தம் செயலைக் காட்சியாகவும் அவர்தம் சொல்லை அகராதியாகவும் பதிவு செய்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்கள் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் சாம்பலாக்கினர். அவ்விழப்பின் பின்னர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலக முயற்சி ஈழத்து எழுத்துக்களைத் தேடித் திரட்டி அனைவர்க்கும் இலவசமாக வழங்கி வருகின்றது. இலாப நோக்கின்றி, மக்களின் பொதுவுடைமையாக அறிவைப் பேணவியலும் என்பதற்கு அது சான்று. தொழிலறிவுக்கும் அத்தகைய பொதுக்களஞ்சியங்கள் பெருகுதல் வேண்டும்; பள்ளி மாணவரே அதற்குப் படம் பிடிப்போராகவும் சொல் திரட்டுவோராகவும் அமையலாம்.

வால்வின் பெயரை அம்மாணவனுக்கு நாம் கூறினோம். வளியமுக்கம் என்னுஞ் சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவன் அதனைப் பார்த்தெழுதிவிட்டு, தங்கள் கிணற்றைவிட ஆழமான கிணற்றிலே மேலேயிருந்து உறிஞ்ச முடியாமற் போவது இதனாலேயோ என்று கேட்டான். பாடநூலில் அவ்வினா இல்லை. அதற்குரிய விடையை எமது விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டறிந்து மறுநாள் அவனுக்குக் கூறினோம்.